பதின்மூன்று பிள்ளைகளும் ஒரு துண்டும்

ஐம்பத்து மூன்று வயதில், நரைத்த மீசையோடு, தலையில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு, அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஒரு கறுப்பினப் பெண்மணியாக நான் மேடையில் நின்று பேசியிருக்கிறேன். ஒருமுறை செய்திருந்தால் கிறுக்கு என்று விட்டுவிடலாம். தமிழ்நாட்டு மகளிர் கல்லூரிகளில் ஏறக்குறைய பாதி என் துண்டைப் பார்த்தாகிவிட்டது. மாணவிகள் அழுதார்கள். முதல்வர்கள் பொன்னாடை போர்த்தினார்கள். துண்டும் பொன்னாடையுமாக நான் நிற்கும் படம் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. இதையெல்லாம் முற்போக்கு என்று மனதார நம்பியிருந்தேன்.

அந்த அம்மையார் விடுதலை பெற்ற பிறகு தனக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய் அடிமை முறைக்கு எதிராகவும் பெண்களுக்காகவும் பேசியவர். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் சொல்லாததையெல்லாம் அவர் பெயரில் நான் சொல்லியாகிவிட்டது. கொஞ்ச நாளைக்கு அந்தப் பெயராவது என்னிடமிருந்து தப்பிக்கட்டும்.

என் பேச்சின் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் யாழ்ப்பாணத்து ரஞ்சி அக்கா டொரொண்டோவிலிருந்து கூப்பிட்டார். பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதம் கொண்டாடுகிறார்களாம். அவருடைய பெண்கள் வாசிப்பு வட்டத்தில் வந்து பேச வேண்டும். “உடுப்புக் கனக்கக் கொண்டுவாங்கோ” என்றார். திருச்சிக்காரன் வைத்திருக்கும் கனமான உடுப்பு எது? மாப்பிள்ளை அழைப்புக்குத் தைத்த கோட்டு. அதோடு வந்து இறங்கினேன். அவர்கள் பேச்சில் ‘கனக்க’ என்றால் ‘நிறைய’ என்று பிறகுதான் தெரிந்தது.

விமான நிலையக் கதவு திறந்ததும் முகத்தில் யாரோ அறைந்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. அதுதான் குளிர். ரஞ்சி அக்காவின் கணவர் குணம் அண்ணை என் கோட்டை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, உது கலியாணத்துக்குப் போடுறதெல்லோ?”

“ஆமாண்ணே.”

“செத்தவீட்டுக்கும் உதைத்தான் போடவேண்டி வரும். வானுக்குள்ள ஏறுங்கோ” என்று வேன் கதவைத் திறந்தார்.

மோர்னிங்சைடில் அவர்கள் வீடு. இடியப்பம், சொதி, சம்பல், மீன் குழம்பு. தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியை நான் மோர்க்குழம்பு என்று நினைத்துத் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டதை அந்த வீட்டில் இன்னும் யாரும் மன்னிக்கவில்லை. குணம் அண்ணை ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது முழுநேரம் தமிழ்ப் படங்களைத் திட்டுகிறார்.

“உங்கட படங்களில எங்களை எப்பிடிக் கதைக்க வைக்கிறாங்கள் தெரியுமே?” கரண்டியை மைக் போலப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “‘அக்கா… நீங்கள்… நலமாய் இருக்கின்றீர்களோ…’ பாதி ரேடியோ நியூஸ், பாதி ஒப்பாரி. அறுபத்தாறு வருஷமா நான் யாழ்ப்பாணத்தான், எனக்கே விளங்கேல்லை. எழுதுறவன் ஒருத்தன் எங்களுக்கு ஒரு ஃபோன் கோல் அடிச்சுக் கேட்டானோ? ‘அண்ணை, நீங்கள் உப்பிடித்தான் கதைக்கிறனீங்களோ’ எண்டு?”

நான் சிரித்துச் சிரித்துப் புரையேறினேன். “அநியாயம்ணே. அடுத்தவங்க வாயில நம்ம இஷ்டத்துக்குப் பேச்சைத் திணிக்கிறது பெரிய பாவம்” என்றேன். இந்த வாக்கியத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ரஞ்சி அக்கா தட்டை எடுத்தபடியே விஷயத்துக்கு வந்தார்.

“நாளையிண்டைக்கு மத்தியானம் ஒரு ஆள் சாப்பிட வருவா. எங்கட மகள் அபி விரும்புற பெடியன்ர அம்மா. மிஸ் டோரீன். கறுப்பின ஆக்கள். பெரிய பள்ளிக்கூடத்தில அதிபரா இருந்தவ. முதல்தரம் வாறா.”

குணம் அண்ணை கூரையைப் பார்த்தார். ஒரு வருடமாக இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் கூரையைத்தான் பார்க்கிறார் என்று பிறகு தெரிந்தது. இப்போதுதான் தலை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது.

“இது பிழைச்சுக் குழம்பிச்சுதெண்டால், ரெண்டு பேரும் ஒருத்தருக்கும் சொல்லாமல் ரெஜிஸ்டர் பண்ணிப்போட்டு வன்கூவருக்குப் போயிடுவம் எண்டு அபி சொல்லிப்போட்டாள். எங்களுக்கு இருக்கிறது ஒரு பிள்ளை தம்பி. எங்கட சனத்துக்கும் அவையின்ர சரித்திரம் தெரியும் எண்டு அவவுக்குக் காட்டவேணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது.”

நகைச்சுவைப் பேச்சு என் தொழில். என் பேச்சுக்காகக் கூப்பிட்டார்கள் என்று நினைத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்திருந்தேன். சம்பந்தம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பரவாயில்லை, அதற்கும் என்னை விட்டால் ஆள் ஏது என்று தோன்றியது. அப்படித் தோன்றும் நேரங்களில் என்னைக் கட்டிப்போட வீட்டில் மனைவி இருப்பாள். அவள் திருச்சியில் இருந்தாள்.

மறுநாள் துண்டு வாங்கப் போனேன். முறுக்குப் பொட்டலத்துக்கு இடம் விட்டதில் என் மேடைத் துண்டு ஊரிலேயே தங்கிவிட்டது. அஜின்கோர்ட் கடைகளுக்குத் தனியாகப் பேருந்தில் போகிறேன் என்று வீரம் பேசினேன். இறங்கும் நேரத்தில் பின் கதவு திறக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு சீனப் பெரியவர் காய்கறிப் பையோடு நின்றார். பின்னாலிருந்து ஒரு பெண், “அங்கிள், தள்ளுங்கோ! தள்ளுங்கோ!” என்று கத்தினாள். தமிழ்க்குரல் கேட்ட மகிழ்ச்சியில் நான் பெரியவரைத் தள்ளினேன். அவர் கதவில் போய் மோத, கதவு திறந்தது. தள்ள வேண்டியது கதவையாம். எங்கள் ஊரில் நான் இப்படி ஒருவரைத் தள்ளியிருந்தால் பேருந்து அங்கேயே நின்று பஞ்சாயத்து நடந்திருக்கும். இங்கே அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். தள்ளப்பட்டவர் மன்னிப்புக் கேட்கும் தேசத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

கடையில், “துவாய் குளிக்கவோ அண்ணை?” என்றார் கடைக்காரர்.

“இல்லீங்க, தலையில கட்ட.”

“இந்தக் குளிருக்குத் துவாய் காணாது. தொப்பி வாங்குங்கோ.”

அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் காலையிலிருந்து வீடு மணந்தது. ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், இறால், பருப்பு, காரம் குறைத்து ஒன்று, காரமே இல்லாமல் ஒன்று. ரஞ்சி அக்கா இரண்டு தடவை சேலை மாற்றினார். குணம் அண்ணை முகம் மழித்து, வாசலில் பனியை அள்ளி, பிறகு ஏற்கெனவே அள்ளிய இடத்தில் மறுபடி அள்ளினார்.

மிஸ் டோரீன் வந்தார். உயரம், ஒட்ட வெட்டிய நரைமுடி, கத்தரிப்பூ நிறக் கோட்டு. அவர் உள்ளே வந்ததும் நான் சட்டைப் பொத்தான் போட்டிருக்கிறேனா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தலைமை ஆசிரியர்கள் எந்த நாட்டிலும் தலைமை ஆசிரியர்கள்தான். அபி அவரை உட்காரவைத்துவிட்டு, பனி வழிக்கும் வண்டி வருகிறது என்று காரை நகர்த்த வெளியே ஓடினாள்.

மூன்று நிமிடம் எல்லோரும் குளிரைப் பற்றிப் பேசினோம். பேச்சு தீர்ந்தது. ரஞ்சி அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

“சாப்பாட்டுக்கு முன்னம் ஒரு அஞ்சு நிமிஷம் செய்து காட்டுங்கோவன்.”

எனக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. துண்டைக் கட்டினேன். முதுகைக் கொஞ்சம் வளைத்தேன். மிஸ் டோரீனுக்கும் எனக்கும் நடுவே ஒரு சிறிய மேசையும் அதன்மேல் முறுக்குத் தட்டும்தான்.

என் தமிழாக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நான் படித்த வடிவம் கொச்சை மொழியில் இருந்தது. கொச்சைக்குக் கொச்சை வேண்டாமா? எங்கள் தெருவில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்களின் பேச்சை எடுத்து அம்மையாருக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பெண்களையும் கேட்கவில்லை, இவரையும் கேட்கவில்லை. “பதிமூணு பெத்தேன் சாமி! பதிமூணையும் கண்ணு முன்னால வித்தாக சாமி!” என்று மார்பில் அடித்துக்கொள்ளும் இடம்தான் உச்சம். அங்கே வந்தேன். ரஞ்சி அக்கா கண்ணைத் துடைத்தார். குணம் அண்ணை மூக்கை உறிஞ்சினார். அபி உள்ளே வந்தாள். பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றாமலே வாசலில் நின்றுவிட்டாள்.

முடித்துக் கும்பிட்டேன். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

மிஸ் டோரீன் அபியைப் பார்த்துத்தான் பேசினார். அவர் பேசியது ஆங்கிலம். அதை எந்தத் தமிழில் எழுதுவது என்று தெரியாமல் மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். ஒரு தலைமை ஆசிரியை பேசும் தமிழில் எழுதுகிறேன். அவர் அப்படித்தான் பேசினார்.

“இவர் யாராக நடிக்கிறார்?”

அபி சொன்னாள்.

“அந்த ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்ததே. சாமி. அப்படியென்றால்?”

அபி என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். “கடவுள்” என்றாள் மெதுவாக. “கடவுள், இல்லாவிட்டால்… எஜமான். வேலை செய்கிறவர்கள் பெரிய சாதிக்காரர்களை அப்படிக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன்.”

“அவர் சபையைப் பார்த்து எஜமானே என்றா சொன்னார்?”

பதில் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அந்தச் சொல் எந்த ஆங்கில வடிவத்திலும் கிடையாது. நான் சேர்த்தது. எஜமானை விட்டு வெளியேறி, எஜமான் வைத்த பெயரையும் விட்டெறிந்த ஒரு மனுஷியை, இத்தனை வருடமாகக் கல்லூரி கல்லூரியாகக் கூட்டிக்கொண்டு போய், எதிரே இருந்தவர்களையெல்லாம் சாமி, சாமி என்று கும்பிட வைத்திருக்கிறேன். ஓசைக்கு நன்றாக இருந்தது என்பதற்காக. மாப்பிள்ளைக் கோட்டுக்குள் எனக்கு வியர்த்தது.

“மேடம், நான் அவர் பக்கம்தான்” என்றேன் என் ஆங்கிலத்தில்.

“என் ஆசிரியையும் அதைத்தான் சொன்னார்” என்றார் மிஸ் டோரீன். “எங்கள் வகுப்பில் கறுப்புப் பிள்ளை நான் மட்டும்தான். வருடா வருடம் பள்ளி விழாவில் என் தலையில் ஒரு துணியைக் கட்டி, இந்தப் பேச்சைப் பேசவைப்பார்கள். வீட்டில் நாங்கள் யாரும் அப்படிப் பேசியதில்லை. என் அம்மா பியானோ சொல்லிக்கொடுப்பவர். அந்தக் கொச்சையை எனக்குப் பழக்கிவிட்டது வெள்ளைக்கார ஆசிரியை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். அம்மா கடைசி வரிசையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். ஏன் கைதட்டவில்லை என்று நான் அவரிடம் கோபித்துக்கொண்டேன்.”

கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். ரஞ்சி அக்காவின் கையைப் பிடித்து, தலைவலிக்கிறது, மன்னிக்க வேண்டும் என்றார். தள்ளப்பட்டவர் மன்னிப்புக் கேட்கும் தேசம்.

அபி அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். மேசையில் அத்தனை கறியும் ஆவி பறந்துகொண்டிருந்தது. ரஞ்சி அக்கா ஒவ்வொரு பாத்திரத்தையும் பிளாஸ்டிக் தாளால் இழுத்து மூடினார். அவர் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் சாப்பிட்டிருப்பேன்.

குணம் அண்ணை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தம்பி, அண்டைக்கு நான் படக்காரரைப் பற்றிச் சொன்னது…”

“ஞாபகம் இருக்குண்ணே.”

“அதுக்கில்லை. நீங்கள் சாமி சாமி எண்டேக்க நான் அழுதனான். கையும் தட்டினனான். அதைத்தான் யோசிக்கிறன்.”

திரும்பி வந்த அபி உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைபேசியை என் முன்னால் வைத்தாள்.

“அங்கிள், அவ வளர்ந்த வீட்டில கதைச்சது டச். ஃபர்ஸ்ட் லாங்குவேஜே டச். நியூயார்க் பக்கம். சவுத்தே இல்லை; அந்தக் கொச்சை சவுத் ஆக்களின்ர. நீங்கள் வச்சிருக்கிற வெர்ஷன், அவ இதைப் பேசின பெண்கள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கின வெள்ளைக்கார லேடி பன்னிரண்டு வருஷம் கழிச்சு எழுதினது. கூட்டம் முடிஞ்ச கையோட பேப்பரில வந்தது வேற. ரீட் இட், ப்ளீஸ்.”

“பதிமூணு பிள்ளைங்க?”

“அஞ்சு.”

இது என்னை ஏன் அப்படித் தாக்கியது என்று தெரியவில்லை. எட்டுப் பிள்ளைகளை நான் சும்மா பெற்று, சும்மா விற்று, சும்மா அழுதிருக்கிறேன். இருந்த ஐந்து பேரில் ஒரு மகனைச் சட்டத்துக்கு விரோதமாகத் தெற்கே விற்றுவிட்டார்கள். அம்மையார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் வெள்ளைக்காரன் மேல் வழக்குப் போட்டு, ஜெயித்து, மகனை மீட்டுக்கொண்டு வந்தார். இந்தச் சங்கதி எனக்கு அதுவரை தெரியாது. மார்பில் அடித்துக்கொள்கிறவளுக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை என்று நானும் தேடிப் பார்க்கவில்லை.

பழைய பத்திரிகை வடிவத்தைப் படித்தேன். இன்னொரு அதிர்ச்சி. அதில் அவர் அழவே இல்லை. வாதாடுகிறார். இடையிடையே கிண்டல் செய்கிறார். பெண்ணுக்கு அறிவு ஒரு ஆழாக்கு, ஆணுக்கு இரண்டு ஆழாக்கு என்றே வைத்துக்கொண்டாலும், அவளுடைய ஆழாக்கை அவள் நிரப்பிக்கொள்வதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்கிற மாதிரி ஒரு இடம். சபையை உட்காரவைத்து உரிக்கிறார். நகைச்சுவையில் பிழைக்கிறவன் நான். என்னைவிடப் பெரிய ஆளைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை வருடமும் அழவிட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் நான்கு பேரும் உட்கார்ந்து அதைத் தமிழாக்கினோம். பேச்சு அன்று மாலை. எந்தத் தமிழில் என்று சண்டை. குணம் அண்ணை யாழ்ப்பாணத் தமிழ் என்றார். “அப்ப அவவைக் கோண்டாவில் ஊர்க்காரி ஆக்கப் போறியளோ?” என்று ரஞ்சி அக்கா கேட்டார். நேற்றிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதற்குப் பிறகுதான் வந்தது: “கோர்ட்டில லோயர்மார் கதைக்கிற மாதிரிக் கதைக்கட்டும். அவ கோர்ட்டுக்குப் போனவதானே.”

மிஸ் டோரீன் வருவாரா என்று அபியிடம் கேட்டேன். “துவாய் இல்லை, சாமி இல்லை எண்டு சொன்னனான். ‘பார்ப்போம்’ எண்டவ. அவ ‘பார்ப்போம்’ எண்டால் மோஸ்ட்லி நோ.”

ரஞ்சி அக்கா கடுகு தாளிப்பது போல எதையோ படபடவென்று வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

வெக்ஸ்போர்டில் ஒரு மண்டபம். வாசலில் ரோல்ஸ், கட்லட், தேநீர். உள்ளே ஈரக் கோட்டுகளின் வாசனை. நான் மேடையேறும்போது மிஸ் டோரீன் வந்திருக்கவில்லை. துண்டு இல்லாத தலை எனக்கு மொட்டை அடித்தது போல இருந்தது. நிமிர்ந்து நின்றேன். இதுவரை இந்தப் பேச்சை நான் பொய்யாகப் பேசியிருக்கிறேன் என்று சபையிடம் சொன்னேன். இரண்டு பேர் ரோல்ஸ் எடுக்க எழுந்து போனார்கள். பேச்சைத் தொடங்கினேன்.

ஆழாக்குக்கு வரும்போது கடைசி வரிசையில் கத்தரிப்பூ நிறம் தெரிந்தது. கோட்டைக் கழற்றவில்லை. கைகள் மடியில். அபி அவர் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சபை சிரித்தது. நான்கு விநாடி கழித்து, அபி சொல்லி முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து தனியாக ஒரு சிரிப்பு. மேடையில் நான் வாங்கிய சிரிப்புகளில் மிகத் தாமதமானது அது. என்னுடையதும் அல்ல. ஆழாக்கின் சொந்தக்காரிக்குப் போய்ச் சேர வேண்டியது.

ஐந்து பிள்ளைகளில் ஒரு மகனை மீட்ட வழக்கைச் சொல்லி முடித்தேன். கைதட்டல் மரியாதைக்கு வந்தது. யாரும் அழவில்லை. மிஸ் டோரீனும் தட்டவில்லை. அவர் எழுந்தார். போய்விட்டார் என்றே நினைத்தேன். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, நேரே ரஞ்சி அக்காவிடம் போனார்.

“நேற்று நான் சாப்பிடாமல் போய்விட்டேன். அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?” என்றாராம்.

“குணம்!” என்று ரஞ்சி அக்கா போட்ட சத்தம் ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. “வானில இருக்கு! கெதியா எடுத்துக்கொண்டு ஓடியாங்கோ!” குணம் அண்ணை கோட்டுப் போடாமலே பனிக்குள் ஓடினார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் பாத்திரம். தலை நேராக இருந்தது.

மிஸ் டோரீன் காரமுள்ள கறியைத்தான் எடுத்தார். கண்ணில் நீர் வந்தது. மறுபடியும் கேட்டு வாங்கினார். என்னிடம் அவர் பேசவில்லை. தட்டோடு என்னைக் கடந்து போகும்போது என் தலையை ஒருமுறை பார்த்தார். வகுப்பில் தலை வாரியிருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. தேறிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

மனம் நிறைந்து, என் மாப்பிள்ளைக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் தன் கோட்டுக்குள் கையை விட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். பிடித்துவிட்டேன்.

“நீங்கள்தானே கதைச்சது? உங்கட வீடியோ பார்த்துப்போட்டுத்தான் மார்க்கம் ஊரிலயிருந்து இந்தப் பனிக்குள்ள வந்தனான்” என்றார்.

“ரொம்ப சந்தோஷங்க.”

“அதில பதின்மூண்டு பிள்ளையள் எண்டு சொன்னனீங்கள். இஞ்ச அஞ்சுதான் எண்டுறியள்.” பொத்தானைப் போட்டுக்கொண்டே பெருமூச்சு விட்டார். “கனடாக்காரர்தானே, அஞ்சு பிள்ளையே போதும் எண்டு குறைச்சுப்போட்டியள், என்ன?”